இரண்டு முறை கழித்த முப்பத்தேழு

தமியேனைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்த பாவி என்று பாதிப் பேர். தானாகப் போய் உண்மையைச் சொல்லி வேலையைத் தொலைத்த உத்தமன் என்று மீதிப் பேர். இரண்டு கூட்டத்தையும் எனக்குப் பிடிக்கவில்லை. முழுக் கதை தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவனும் நானும். அவன் சொல்ல மாட்டான். அதனால் நான் சொல்லித் தொலைக்கிறேன்.

என் பெயர் நூகு. அரசலாறு பவர் என்ற தனியார் மின்சாரக் கம்பெனியின் சப்ஸ்டேஷனில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். காரைக்காலில் இருந்து அம்பகரத்தூர் பஸ்ஸில் போனால் வயல்களுக்கு நடுவே கம்பிவேலி போட்ட இடம் ஒன்று வரும், அதுதான். போல்ட், நட்டு, கேபிள், கையுறை, எது வேண்டுமானாலும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது, உள்ளேயும் வராது. அந்தக் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

தமியேன் தலத்தெருக்காரன். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து இங்கேயே அடக்கமானவர். அம்மா இவோனுக்கு அந்தப் பென்ஷன் வருகிறது. அக்கா கிறிஸ்தின் பாரீசுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறாள். இவனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைதான். பிறந்தது, படித்தது, கிரிக்கெட் ஆடி முழங்காலைப் பேர்த்துக்கொண்டது எல்லாம் காரைக்காலில். இந்தியாவில் குடியிருக்க ஒரு ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு அரசாங்க வேலைக்குப் போக முடியாது, அதனால் எங்கள் கம்பெனிக்கு ஆள் கொடுக்கும் கான்ட்ராக்ட்காரரிடம் நெட்வொர்க் இன்ஜினியராகச் சேர்ந்தான். ஒரு தடவை அக்காவிடம் போய்ப் பதினோரு மாதம் இருந்து பார்த்தான். அம்மாவுக்கு இடது பக்கக் கை கால் விழுந்துவிட்டது என்று தகவல் வந்ததும் திரும்பி வந்தவன்தான், பிறகு போகவே இல்லை. அம்மாவைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவன்தான். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. தமியேன் என்றால் தமிழில் துணை இல்லாத நான் என்று அர்த்தமாம். அப்பா வைத்தது பிரெஞ்சுப் பெயர், பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் அதைத் தமிழாக்கிச் சிரித்திருக்கிறார். சப்ஸ்டேஷனில் நாங்கள் அவனைத் துரை என்று கிண்டல் செய்வோம். அதில் அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

எனக்கும் அவனுக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு சண்டையில். சப்ஸ்டேஷனில் இருந்து ஆறு லைன்கள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் பிரேக்கர் என்ற பெரிய சுவிட்சும் அதைக் கவனிக்கும் ஒரு பெட்டியும் உண்டு. எந்த லைனின் பிரேக்கர் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று ஒவ்வொரு பெட்டியும் குறித்து ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஒரு பழுது வந்தால் எது முதலில் விழுந்தது என்று அதில்தான் பார்க்க வேண்டும். அதற்கு எல்லாப் பெட்டியும் இம்மி பிசகாமல் ஒரே நேரம் காட்ட வேண்டும். மாடியில் ஒரு ஆன்டெனா, கீழே ஒரு ஜி.பி.எஸ். கடிகாரம். அது நேரத்தைப் பாக்கெட் பாக்கெட்டாக நெட்வொர்க்கில் அனுப்பும், மற்றவை வாங்கித் தங்களைத் திருத்திக்கொள்ளும். இந்த ஏற்பாட்டைச் செய்யத்தான் தமியேன் வந்தான். எட்டு நெட்வொர்க் கார்டு கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே மூன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்தான்.

"இது முத்திரை குத்தாது பாய். திருப்பி அனுப்புங்க."

"லைட் எரியுதுல்ல? நெட் வருதுல்ல? அப்பறம் என்னாப்பா ஒனக்கு?"

"தபால்காரர் வாசல்ல லெட்டர் குடுக்குறாருன்னு வச்சுக்குங்க. வாங்குனதும் வாசல்லயே முத்திரை குத்துனா அது சரியான நேரம். உள்ள எடுத்துட்டுப் போயி, ஆபீசர் டீ குடிச்சு முடிச்சு, அப்பறம் குத்துனா? கம்ப்யூட்டர் அப்புடித்தான் செய்யும், அதுக்கு ஆயிரம் வேலை. பாக்கெட் உள்ள நொழையறப்பவே கார்டே நேரத்தைக் குத்தணும். அதுக்குக் கார்டுக்குள்ள தனியா ஒரு கடிகாரம் இருக்கணும். இந்த மூணுலயும் இல்ல."

கம்ப்யூட்டரில் ஒரு வரி அடித்து, எந்தக் கார்டு குத்தும், எது குத்தாது என்று எனக்கே காட்டினான். மூன்று தடவை கார்டு மாற்றினேன். நடுவில் இருந்த மலிவு ஸ்விட்ச் ஒன்று பாக்கெட்டுகளைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்தி வைத்து அனுப்புகிறது என்று அதையும் பிடுங்கிப் போட்டான். கடைசியில் எல்லாப் பெட்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் இருபது நானோசெகண்ட் என்று திரையில் வந்தது. அன்று பஸ் ஸ்டாண்டில் எங்கள் எல்லோருக்கும் அவன் செலவில் புரோட்டா.

அந்த முப்பத்தேழைப் பற்றியும் அன்றுதான் சொன்னான். உலகத்தில் அணுக் கடிகாரங்கள் என்று சில இருக்கின்றன, அவை பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும். பூமி கொஞ்சம் சோம்பேறித்தனமாகச் சுற்றுவதால் நம் ஊர்க் கடிகாரங்கள் அதற்கு முப்பத்தேழு செகண்ட் பின்னால் இருக்கின்றன. எங்கள் ஜி.பி.எஸ். கடிகாரம் அணுக் கணக்கை அப்படியே அனுப்பியது. அதனால் கம்ப்யூட்டரில் முப்பத்தேழைக் கழித்துக்கொள் என்று தமியேன் கையால் எழுதி வைத்தான். அதில் தப்பு எதுவும் இல்லை.

போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி மழையில் இடி விழுந்து அந்தக் கடிகாரம் கருகிப் போனது. நவம்பரில் புதிதாக ஒன்று வந்தது, பிரான்சில் செய்தது. முன்பக்கம் விரல் அகலத்துக்கு ஒரு சின்னத் திரை. எந்த மொழியில் வேண்டும் என்று அது கேட்டது. ஆங்கிலம் என்று அழுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கள் துரை பிரெஞ்சை அழுத்தினான். அவன் தவிர அங்கே யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. அதனால்தான் அழுத்தினான். வாழ்நாள் முழுக்கப் பென்ஷன் பேப்பருக்கும் கான்சலேட் கடிதத்துக்கும் மட்டும் உதவிய பாஷை, ஒரு நாளாவது தொழிலுக்கு உதவட்டுமே என்று ஆசை.

முப்பத்தேழு செகண்ட் திருத்தம் என்ற இடத்தில் திரை 'அப்ளிக்' என்று பாதிச் சொல்லைக் காட்டி ஒரு புள்ளி வைத்திருந்தது. இடம் போதவில்லை. முழுச் சொல் 'அப்ளிக்கே'. அதன் கடைசி எழுத்துகளை ஒரு விதமாக எழுதினால் 'கழித்தாயிற்று' என்று அர்த்தம். வேறு விதமாக எழுதினால் 'கழிக்கவும்'. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றே. வீட்டில் அம்மாவிடம் பேசிப் பேசிக் கற்ற பிரெஞ்சு அவனுடையது. கழிக்கவும் என்று அவன் எடுத்துக்கொண்டான். பழைய ஏற்பாடுதானே என்று கம்ப்யூட்டரில் இருந்த கழித்தலை அப்படியே விட்டான். கடிகாரம் கழித்து அனுப்பியதில் கம்ப்யூட்டர் இன்னொரு முப்பத்தேழைக் கழித்தது.

யாருக்கும் தெரியவில்லை. சுவரில் மாட்டிய பெரிய கடிகாரம்கூட அந்தக் கம்ப்யூட்டரின் நேரத்திலேயே ஓடியது. பெட்டிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின, இருபது நானோசெகண்ட். தமியேன் அதைத்தான் பார்த்தான், கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்க்கவில்லை. பெறப்பட்டது, சோதிக்கப்பட்டது, சரி என்ற தாளில் அவன் ஒரு கையெழுத்துப் போட்டான். கீழே நான் ஒன்று போட்டேன். நான் எதைச் சோதித்தேன்? அட்டைப்பெட்டி கிழியாமல் இருந்ததா என்று பார்த்தேன்.

இப்போது சந்திரலேகாவைச் சொல்ல வேண்டும். குரும்பகரத்துப் பெண், நெல் விவசாயியின் ஒரே மகள். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். டிப்ளமா படித்துவிட்டு எங்கள் கண்ட்ரோல் ரூமில் ஒன்பது வருடமாக ஆப்பரேட்டர். லைனில் யாராவது வேலை செய்ய வேண்டும் என்றால் முதலில் அவளுக்குப் போன் செய்து எல்.சி. வாங்குவார்கள். லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. அவள் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தை நிறுத்துவாள். வேலை முடிந்ததும் போன் செய்து எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் ரெஜிஸ்டரில் எழுதி, கையெழுத்துப் போட்டு, எழுந்து போய் மறுபடி பிரேக்கரை மூடிக் கரண்டைப் போடுவாள். திருப்பிக் கொடுக்கும் முன்னால் போட்டால் கம்பத்தில் இருப்பவன் செத்தான். இதைவிடப் பெரிய சட்டம் எங்கள் தொழிலில் கிடையாது.

மறு வருடம் ஆகஸ்ட் நான்காம் தேதி காலையில் வைத்தியலிங்கம் என்ற லைன்மேன் எல்.சி. வாங்கிக்கொண்டு ஒரு கம்பத்தில் ஏறினார். கூட ஒருவர் போயிருக்க வேண்டும், கம்பெனி ஆளைக் குறைத்துவிட்டதால் தனியாகப் போனார். பன்னிரண்டேகாலுக்கு அவரைக் கம்பத்தில் இருந்து இறக்கினார்கள். உயிர் இல்லை. அவருடைய போன் கம்பத்தடியில் கிடந்தது.

சந்திரலேகா நடந்ததைச் சொன்னாள். அவர் போன் செய்தார், வேலை முடிந்தது என்றார், கீழே இறங்கிவிட்டீர்களா என்று கேட்டேன், ஆமாம் என்றார், வைத்தார், எழுதிவிட்டுப் போட்டேன் என்றாள். போன் பேச்சைப் பதிவு செய்யும் வசதி எங்களிடம் இல்லை. சென்னையில் இருந்து வந்த விசாரணை அதிகாரி செல்போன் கம்பெனியின் கணக்கை வாங்கினார். அழைப்பு முடிந்தது பதினொன்று நாற்பத்திரண்டு, முப்பத்தொரு செகண்ட். எங்கள் கம்ப்யூட்டர் பதிவில் பிரேக்கர் மூடியது பதினொன்று நாற்பத்திரண்டு, பதின்மூன்று செகண்ட். அதாவது அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, பதினெட்டு செகண்ட் முன்னால், இவள் போட்டுவிட்டாள். போன் கையில் இருந்து விழுந்து, மீதி நேரம் லைன் சும்மா ஓடியிருக்கிறது. எல்லாம் பொருந்தியது. ஏழாம் தேதி அவளை சஸ்பெண்ட் செய்தார்கள். கவனக்குறைவால் சாவு என்று போலீஸ் கேஸும் பதிவானது. ஊரில் அவளுக்கு வைத்த பெயர் கொலைகாரி.

அந்தப் பதிவு உண்மையானது என்று சான்று எழுதித் தர வேண்டியவன் தமியேன். ஒன்பதாம் தேதி மத்தியானம் அவன் ஸ்டோருக்குள் வந்து, கேபிள் சுற்றிய கட்டை மேல் உட்கார்ந்தான். சட்டை நனைந்திருந்தது.

"பாய், நான் ரெண்டு தடவ கழிச்சிட்டேன்."

"என்னத்த?"

"முப்பத்தேழ."

சான்றில் கையெழுத்துப் போடும் முன் ஏதோ தோன்றி, போனில் இருந்த நேரத்தையும் கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். முப்பத்தேழு செகண்ட் வித்தியாசம். முப்பத்தாறோ முப்பத்தெட்டோ என்றால் வேறு காரணம் தேடியிருப்பான். முப்பத்தேழு என்றதும் அவனுக்குத் தேட எதுவும் இருக்கவில்லை. போய்க் கடிகாரத்தின் திரையில் பாதிச் சொல்லைப் பார்த்திருக்கிறான். பிறகு கையேட்டைப் பிரித்து முழுச் சொல்லையும் பார்த்திருக்கிறான்.

ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டு நீட்டினான். பதிவில் உள்ள பதின்மூன்றோடு முப்பத்தேழைக் கூட்டினால் ஐம்பது. அழைப்பு முடிந்தது முப்பத்தொன்றில். அவள் பிரேக்கரைப் போட்டது அவர் போனை வைத்துப் பத்தொன்பது செகண்ட் கழித்து. ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எழுந்து நடக்க ஆகும் நேரம் அது. வைத்தியலிங்கம் கம்பத்து மேலே இருந்துகொண்டே இறங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். கரண்ட் எப்போது வரும் என்று கீழே ஜனங்கள் கத்துவார்கள் என்பதால் லைன்மேன்கள் பலர் அப்படிச் செய்வது உண்டு. இறங்குவதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டேன்.

"மொதல்ல உங்ககிட்டதான்."

"அப்ப யார்கிட்டயும் சொல்லாத."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அந்தப் பொண்ணு பாய்?"

"அதுக்கு யூனியன் இருக்கு, வக்கீல் இருக்காங்க, பாத்துக்குவாங்க. ஒனக்கு யாரு இருக்கா? நீ வெளிநாட்டுக்காரன். கேஸுன்னு ஒண்ணு வந்துச்சு, அட்டையப் புடுங்கிக்கிட்டு ஊரவிட்டே அனுப்பிருவானுங்க. ஒங்கம்மாவ யாரு குளிப்பாட்டுவா?"

அம்மாவை நான் இழுத்திருக்கக் கூடாது. எங்கே குத்தினால் அவன் விழுவான் என்று தெரிந்துதான் குத்தினேன். அவனுக்காகச் சொன்னேன் என்று அன்றைக்கு நானே நம்பினேன். உண்மை அதுவல்ல. சோதிக்கப்பட்டது, சரி என்ற தாளில் என் கையெழுத்து இருந்தது. எனக்கு ரிட்டயர்மென்டுக்கு எட்டு மாதம்.

அவன் அன்றே சான்றைக் கொடுத்தான். பதிவில் பிழை ஒரு மைக்ரோசெகண்டுக்கும் குறைவு என்று அச்சடித்த தாள். அந்தத் தாளில் பொய் இல்லை, பெட்டிகளுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான். கமுக்கமாக அந்தக் கழித்தலை எடுத்துவிடு, இனிமேலாவது சரியாக ஓடட்டும் என்று ஒரு நாள் சொன்னேன். மாட்டேன் என்றான்.

"தொட்டா ஆதாரம் போயிரும் பாய். அது அப்புடியே இருக்கட்டும். நான் சொல்லிருவேன்."

நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு செகண்டைக் கோடிக் கணக்கில் பங்கு போடத் தெரிந்தவனுக்கு ஒரு வாய் வார்த்தை சொல்ல நாள் கிடைக்கவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஒவ்வொரு முறையும் நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சந்திரலேகா ஆபீசுக்கு வந்தாள். உள்ளே விட மாட்டேன் என்று வாட்ச்மேன் சொல்ல, ஸ்டோர் ஜன்னல் பக்கமாக வந்து நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். தமியேன் அப்போது என்னோடுதான் இருந்தான்.

"சார், நான் அவர் வச்ச பொறவுதான் போட்டேன்னு எனக்கு ஞாபகம். தெனம் அதையேதான் நெனச்சுப் பாக்குறேன். பாக்கப் பாக்கக் கொழம்புது. மெஷின் தப்பாக் காட்ட வாய்ப்பு ஏதாவது இருக்கா சார்?"

தமியேன் வாயைத் திறந்தான். நான் இருமினேன். சும்மா ஒரு இருமல்.

"பாத்துட்டுச் சொல்றேங்க" என்றான் அவன்.

"சரிங்க சார். பாத்துச் சொல்லுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி அவள் அப்பா வயல் வரப்பில் விழுந்து செத்துப் போனார். நெஞ்சுவலி என்றார்கள். வைத்தியலிங்கத்தின் காரியத்துக்கு அவர் போயிருக்கிறார். பந்தலிலேயே அவரை மறித்து, எந்த முகத்தோடு வந்தாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். அதற்குப் பிறகு டீக்கடைக்குக்கூட அவர் வருவதில்லை என்று சொன்னார்கள். மவுத்து வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா, நானும் தமியேனும் போனோம். அவன் தெருமுனை வரை வந்து, காலில் செருப்பு அறுந்துவிட்டது என்று அங்கேயே நின்றுகொண்டான். செருப்பு அறுந்திருக்கவில்லை.

இருபதாம் தேதி அவள் விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் பதிவோடு ஒப்பிட்டுக் கருத்துச் சொல்லச் சொல்லி அதன் நகலைத் தமியேனுக்கு அனுப்பினார்கள். அவன் அதை ஸ்டோருக்குக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். அவள் கையெழுத்தில் இருந்தது: 'அழைப்பு முடிந்த பிறகே பிரேக்கரை மூடியதாக எனக்கு நினைவு. ஆனால் கருவி தவறாகக் காட்ட வாய்ப்பில்லை என்பதால், என் நினைவுதான் தவறாக இருக்க வேண்டும். நான் அவசரப்பட்டு மூடியிருக்கிறேன். ஒரு உயிர் போகக் காரணமாகிவிட்டேன். எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.'

நான் படித்து முடித்தேன். "இனிமே போயிச் சொல்லி என்னா ஆவப் போவுது" என்றேன். நிஜமாகவே அப்படிச் சொன்னேன். அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"வராதீங்க பாய்" என்றான். நான் பின்னாலேயே போனேன், ஆபீஸ் வராந்தா வரை. அவன் என் பேரைச் சொல்வானோ என்ற பயம். தமியேனை நான்தான் கூட்டி வந்தேன் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அவன் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. கடிகாரத்தின் திரை, கையேடு, கம்ப்யூட்டரில் அவன் எழுதிய வரி, எல்லாவற்றையும் காட்டியிருக்கிறான். வேறு யாருக்குத் தெரியும் என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"உங்க பேரு வரல பாய்" என்றான்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று என் வாயில் வந்துவிட்டது. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்திரலேகா மேல் தவறில்லை என்று அதிகாரி எழுதினார், போலீசும் அவள் பெயரை எடுத்தது. பழி செத்தவர் மேல் போய் உட்கார்ந்தது, கம்பத்தில் இருந்துகொண்டே எல்.சி. திருப்பியது அவருடைய அலட்சியம் என்று. தனி ஆளாக அனுப்பிய கம்பெனியைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. தமியேனின் வேலை அன்றைக்கே போனது. ஆதாரத்தை மறைத்தான் என்று அவன் மேல் கேஸ் நடக்கிறது. பாஸ்போர்ட்டும் அட்டையும் போலீஸ் கையில். பிரான்சுக்கு வந்துவிடு என்று அக்கா அழுகிறாள், போகவும் முடியாது, இங்கே யாரும் வேலை தரவும் மாட்டார்கள். தலத்தெரு வீட்டு முன்னறையில் வைஃபை பெட்டி, இன்வெர்ட்டர் எல்லாம் பழுது பார்த்து ஓட்டுகிறான். இடுப்பு வலிக்க வலிக்க இன்னும் அம்மாவைத் தூக்குகிறான். நான் ஏப்ரலில் மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனேன்.

சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. அதிகாரியிடம் சொன்ன நான்காம் நாள் தமியேன் என்னிடம் வந்து, அவளை நேரில் பார்க்க வேண்டும் என்றான். தனியாகப் போகத் தைரியம் இல்லை. இரண்டு பேரும் குரும்பகரம் போனோம். கூடத்தில் அவள் அப்பா படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது. எனக்கு நாற்காலி போட்டாள். தமியேன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கடிகாரம், பாதிச் சொல், முப்பத்தேழு.

"அப்ப நான் சரியாத்தான் செஞ்சனா?"

"ஆமாங்க. அவரு போன வச்சுப் பத்தொம்போது செகண்ட் கழிச்சுத்தான் போட்டிருக்கீங்க."

"பத்தொம்போது" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "ரெஜிஸ்டர்ல எழுதுனேன். கையெழுத்துப் போட்டேன். எந்திரிச்சுப் போனேன். அவ்வளவு நேரம் ஆவும். சரிதான்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு கேட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரியும் சார்?"

தமியேன் தடுமாறவில்லை. "ஆகஸ்ட் ஒம்போது."

அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பா ஒண்ணாந்தேதி போனாரு. முந்தின நாளு ராத்திரி சோறு போடுறப்பக் கேட்டாரு. யாருகிட்டயும் சொல்ல வேணாம்மா, அப்பாகிட்ட மட்டும் சொல்லு, முன்னாடியே போட்டுட்டியான்னாரு. நான் தெரியலப்பான்னேன்."

தமியேன் கையைக் கூப்பினான்.

"கெளம்புங்க சார்" என்றாள்.

அவன் வெளியே போய்ப் பைக்குப் பக்கத்தில் நின்றான். நானும் எழுந்தேன். அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"நீங்க இருங்க பாய், டீ போடறேன். நீங்கதான் அவருக்குப் புத்தி சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. இல்லன்னா இன்னிக்கும் எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நீங்க நல்லா இருக்கணும்."

நான் உட்கார்ந்தேன். வெளியே வெயிலில் அவன் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் டம்ளரைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும்மா என்றேன்.